இணைப்பைப் பார்க்கவும்

என் தம்பி பிளம்பர். வயது ஐம்பத்தாறு. தெருவில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சைரன் என்றுதான் சொல்வார்கள். ஆறாவது மாடிக் குளியலறையில் குழாயைக் கழற்றியபடியே, கீழே வால்வு பக்கத்தில் நிற்கும் வாட்ச்மேனுக்கு ஜன்னல் வழியாக உத்தரவு போடுவான். "மூடு! இன்னும்! போதும்! திற!" போன் பண்ணித் தொலையேன்டா என்றால், "கை ஈரமா இருக்குக்கா" என்பான். தொண்டையையும் ஒரு கருவி மாதிரிதான் முப்பது வருடம் வைத்திருந்தான். மற்றக் கருவிகளுக்கு எண்ணெயாவது போடுவான்.

போன வருடம் குரல் கரகரத்தது. மூன்று வாரம் ஆகியும் தெளியவில்லை. நான் நாற்பது வருடம் ஆஸ்பத்திரியிலும் வீடுகளிலும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவள். மூன்று வாரக் கரகரப்புக்கு வெந்நீர்க் கொப்பளிப்பு போதாது என்று எனக்குத் தெரியும். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். குரல் நாணில் சின்னக் கட்டி. கெட்ட கட்டி இல்லை. எடுத்துவிட்டு, பத்து நாள் ஒரு சொல்லும் பேசக் கூடாது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நான்காம் நாள் அவன் வீட்டுச் சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டு அடித்தது. பிளம்பர் வீட்டுக் குழாய் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. "வால்வை மூடு!" என்று அவன் போட்ட சத்தத்தில் வால்வு மூடியது, ஆறிக்கொண்டிருந்த புண் திறந்தது. மறுபடியும் ஆபரேஷன்.

"ஆறு வாரம்," என்றார் டாக்டர். "பேச்சு கிடையாது, கிசுகிசு கிடையாது, தொண்டையைச் செருமுறது கிடையாது. இந்தத் தடவையும் கெடுத்துக்கிட்டீங்கன்னா என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல. குரல் போனது போனதுதான்."

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்தேன். வரும் வழியில் ஒரு சிலேட்டும் ஒரு பெட்டி பல்பமும் வாங்கினேன். சிலேட்டைக் கழுத்தில் மாட்டினால் அவமானமாக இருக்கிறது என்று அந்தச் சிலேட்டிலேயே எழுதிக் காட்டினான். அவமானத்துக்கு மருந்து இல்லை, மாட்டிக்கொள் என்றேன்.

தம்பி மனைவி ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவள். தையல் மிஷினை நிறுத்தாமலே பேசும் பழக்கம் உள்ளவள். "இருபத்தெட்டு வருஷத்துல இப்பதான் அண்ணி நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிக்கிறேன்," என்றாள் என்னிடம். அவன் சிலேட்டில் ஏதோ எழுதித் தூக்கிக் காட்டினான். அவள் பார்க்கவே இல்லை. "நூல் கோர்க்கிறேன், கண்ணு இங்க இருக்கு," என்றாள்.

தொழிலுக்கான போன் அழைப்புகளை அவள்தான் எடுத்தாள். அங்கேதான் ஆபத்து ஆரம்பித்தது.

"குழாய் ஒழுகுதா? எவ்வளவு ஒழுகுது? சொட்டா, தாரையா? சொட்டுன்னா ஒரு பழைய துணியை இறுக்கிக் கட்டுங்க, நின்னுடும். இதுக்கெல்லாம் எதுக்கு அவரைக் கூப்பிட்டுக்கிட்டு? வாய்க்குள்ள வெட்டி வச்சிருக்காங்க அவருக்கு."

ஒரு வாரத்தில் பதினொரு பேரைப் போனிலேயே குணப்படுத்தி அனுப்பினாள். தம்பி சுவரில் ஸ்பேனரால் டங் டங் என்று தட்டினான். "தட்டுங்க, தட்டுங்க. சுவத்துல விரிசல் விட்டா அதையும் நான்தான் பார்க்கணும்," என்றாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தக் கடிதம் வந்தது.

நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்று பிளாக். கட்டிய நாளிலிருந்து அதன் குழாய் வேலை முழுவதும் தம்பியுடையது. அவன் வாரத்தில் பாதி நாள் அங்கேதான். அங்கே புதிதாகச் செயலாளர் ஆகியிருந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. கடிதத்தில் அவர் சுற்றி வளைக்கவில்லை. இனி எல்லாப் புகாரும் எழுத்தில்தான். வேலை செய்பவருக்கு மின்னஞ்சல் வேண்டும். குடியிருப்போர் புகார் எழுதுவதற்கு ஒரு வலைப்பக்கம் வேண்டும். வேறொரு கம்பெனி ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறது. அடுத்த மாதக் கடைசிச் சனிக்கிழமை கமிட்டி கூடி, இருவர் பக்கத்தையும் பார்த்து முடிவு செய்யும்.

தம்பி கடிதத்தை மூன்று முறை படித்தான். பிறகு சிலேட்டில் எழுதினான்: 'நேர்ல போய்ப் பேசிடறேன்.'

"எதை வச்சுப் பேசுவ?" என்றேன்.

சிலேட்டைத் துடைத்தான். அந்தக் குடியிருப்பு கையை விட்டுப் போனால் பாதிப் பிழைப்பு போனது மாதிரி. ஐம்பத்தாறு வயதில், குரலும் இல்லாமல், வீடு வீடாகப் போய்ப் புது வேலை பிடிக்க முடியாது. அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தையல் மிஷின்கூட நின்றது.

பொது நூலகத்தின் மாடியில் தொடக்கக்காரர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. மின்னஞ்சலும் வலைப்பக்கமும், செவ்வாய், வெள்ளி, பிற்பகல் நான்கு மணி. ஐந்து வாரம். கணக்குப் போட்டால் கமிட்டிக்கு முந்தைய நாள் கடைசி வகுப்பு. சேர்ந்தோம். 'சேர்ந்தோம்' என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஊமையாக உட்கார்ந்திருப்பவனுக்குச் சந்தேகம் வந்தால் கேட்க ஒரு வாய் வேண்டுமே. அவன் சிலேட்டில் எழுதுவான். நான் சத்தமாகப் படிப்பேன். கொஞ்சம் சுத்தம் செய்துதான் படிப்பேன்.

கற்றுக்கொடுத்தவர் அந்த நூலகத்திலேயே புத்தக அட்டை ஒட்டும் பிரிவில் இருந்த அம்மா. எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்பார். வகுப்பில் ஒரு டாக்சி டிரைவர், ஒரு பேக்கரிக்காரர், இன்னும் நான்கைந்து பேர்.

முதல் நாள் அந்த அம்மா இணையம் என்றால் என்ன என்று விளக்கினார். உலகம் பூராவும் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன, அவற்றின் வழியாகத் தகவல் ஓடுகிறது என்றார். மற்றவர்கள் விழித்தார்கள். தம்பி மட்டும் தலையாட்டினான். சிலேட்டில் எழுதினான். நான் படித்தேன்:

"மெயின் லைன் எங்க இருக்கு? அதோட வால்வு யார் கையில?"

"அது எனக்குத் தெரியாதுங்க," என்றார் அந்த அம்மா.

தம்பி என்னைப் பார்த்த பார்வையின் அர்த்தம்: வால்வு எங்கே என்று தெரியாத இடத்தில் வேலைக்கு வந்திருக்கிறார்கள்.

மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வரும் அந்தச் சுழி எழுத்தை அவன் ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டான். சுருட்டி வைத்த ஹோஸ் பைப் மாதிரி இருந்ததாம். கீபோர்டில் அதைத் தேட மட்டும் கால்மணி நேரம் ஆனது. அப்புறம் பாஸ்வேர்டு வைக்கச் சொன்னார்கள். எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது, எண்ணும் வேண்டும், யாருக்கும் சொல்லக் கூடாது. தம்பி யோசித்து ஒன்றைச் சிலேட்டில் எழுதி, சரியா என்று என்னிடம் காட்டினான். சிலேட்டில் வந்ததைப் படிப்பது என் வேலை. படித்துவிட்டேன். ஏழு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேற வைங்க," என்றார் அந்த அம்மா.

இரண்டாவதையும் படித்துவிட்டேன். பழக்கம் அப்படி. டாக்சி டிரைவர் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். "அக்கா, எனக்கும் ஒண்ணு படிச்சுச் சொல்லுங்க, மறந்துட்டேன்," என்றார். மூன்றாவதைத் தம்பி சிலேட்டில் எழுதவில்லை. நேராகக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, என் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

இரண்டாம் வாரம் அவன் முகவரியைச் செயலாளர் அம்மாவுக்கு அனுப்பினோம். மூன்றாம் நாளே பதில் வந்தது. அவன் வாழ்க்கையில் வந்த முதல் மின்னஞ்சல். வீட்டில் தம்பி மனைவியின் போனில் மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு படித்தோம்.

'வணக்கம். பி பிளாக், மூன்றாம் மாடி, நான்காம் எண் வீடு. இணைப்பைப் பார்க்கவும்.'

அவ்வளவுதான். தம்பிக்கு முகம் மலர்ந்தது. அதற்குள் பையைத் தோளில் மாட்டிவிட்டான்.

இதில் அவனைக் குறை சொல்ல முடியாது. குழாய்க்காரர்களின் பேச்சில் 'இணைப்பு' என்று ஒரு சொல் கிடையாது. அவர்களுக்கு எல்லாம் ஜாயின்ட்தான். ஆனால் தண்ணீர் அலுவலகத்திலிருந்து வரும் தாள்களில் முப்பது வருடமாக 'இணைப்பு' என்றுதான் இருக்கும். புதிய இணைப்பு, பழுதான இணைப்பு, இணைப்பைத் துண்டித்தல். படித்தவர்கள் ஜாயின்டை அப்படித்தான் எழுதுவார்கள் என்பது அவன் அறிந்த இலக்கணம். தலைமையாசிரியை வேறு எப்படி எழுதுவார்?

நானும் கூடப் போனேன். மூன்றாம் மாடி வீட்டுப் பெண்மணி கதவைத் திறந்தார்.

"நான் யாரையும் கூப்பிடலையே?"

"செயலாளர் அம்மா சொன்னாங்க. இணைப்பைப் பார்க்கணுமாம்," என்றேன்.

"எந்த இணைப்பை?"

அது எழுதியிருக்கவில்லை. எனவே தம்பி எல்லாவற்றையும் பார்த்தான். சமையலறை, குளியலறை, பால்கனி, தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் குழாய். பதினேழு ஜாயின்ட். பதினேழையும் முறுக்கினான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. திருப்தியாக வீட்டுக்கு வந்து, இரண்டு விரலால் அரைமணி நேரம் தட்டிப் பதில் அனுப்பினான்: 'இணைப்பைப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது.'

மறுநாள் பதில் வந்தது. 'பார்த்ததற்கு நன்றி. இணைப்பை நிரப்பி, கையொப்பமிட்டு, இரண்டு நாட்களுக்குள் திருப்பி அனுப்பவும்.'

இந்த முறை தம்பிக்கே சந்தேகம் வந்தது. சிலேட்டில் எழுதினான்: 'நிரப்பணுமா?'

"அடைக்கிற பசை எதையாவது போட்டு நிரப்பச் சொல்றாங்களோ என்னவோ," என்றாள் தம்பி மனைவி.

'கையெழுத்து?'

"நாளைக்கு ஒழுகினா யார் போட்டதுன்னு தெரிய வேண்டாமா? டீச்சர் புத்தி."

'அனுப்பணுமா?'

இதற்கு நான்தான் பதில் சொன்னேன். ஆஸ்பத்திரியில் மனிதர்களிடமிருந்து எதையெதையெல்லாம் புட்டியில் போட்டு, பெயர் எழுதி, அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மாதிரி கேட்கிறார்கள், பரிசோதிப்பார்கள், அனுப்பு என்றேன். இந்த இடத்தில் தவறு என்னுடையதும்தான்.

மறுபடியும் மூன்றாம் மாடி. அந்தப் பெண்மணி, "பாத்ரூம் குழாயை நீங்க முறுக்கின முறுக்குல என்னால திறக்கவே முடியல," என்றார். தம்பி அதைத் தளர்த்திக் கொடுத்தான். சமையலறைத் தொட்டிக்கு அடியில், குழாய் வளையும் இடத்து ஜாயின்டான பித்தளை எல்போவைக் கழற்றி, அங்கே புதிது ஒன்றைப் பொருத்தினான். கழற்றியதை வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளே அடைக்கும் பசையை வழிய வழிய நிரப்பி, ஆணியால் மேலே கையெழுத்துக் கீறினான். துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து, நானே கொண்டுபோய்ச் செயலாளர் அலுவலகத்தில் கொடுத்தேன். ரசீது கேட்டேன். அங்கிருந்த எழுத்தர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, என்னவென்று எழுதுவது என்று தெரியாமல் 'பொருள் ஒன்று' என்று எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் போன் வந்தது. தம்பி மனைவி எடுத்தாள். சத்தம் எங்களுக்கும் கேட்டது.

"உங்க வீட்டுக்காரர் எனக்கு எதுக்கும்மா ஒரு எல்போ அனுப்பியிருக்கார்?"

"நீங்கதானேம்மா நிரப்பி அனுப்பச் சொன்னீங்க?"

"நான் படிவத்தை நிரப்பச் சொன்னேன்! மெயில்ல இணைச்சிருந்தேனே! அந்த வீட்டோட பழைய புகாருக்குப் படிவம்! அதைப் பார்க்கவே இல்லையா?"

"இணைப்பைப் பார்த்தாரேம்மா. பதினேழும் பார்த்தார்."

அந்தப் பக்கத்திலிருந்து, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் பேசும் குரலில் ஒரு வாக்கியம் வந்தது: "கடைசிச் சனிக்கிழமை கமிட்டியில பார்க்கலாம்."

வெள்ளிக்கிழமை நூலக அம்மா விளக்கினார். கடிதத்தோடு சேர்த்து அனுப்பும் தாளுக்கு இணைப்பு என்று பெயர். அந்தப் பாடம் அன்றைக்குத்தான் வைத்திருந்தாராம். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். அடுத்து அவர், ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவுவதற்கு அழுத்துகிறோமே, அதற்கும் இணைப்பு என்றுதான் பெயர் என்றார். தம்பியின் காது சிவந்தது. அதே நேரம் கம்ப்யூட்டர் நின்றது. "ஒண்ணும் இல்ல, இணைய இணைப்பு போயிடுச்சு, வந்துடும்," என்றார்.

தம்பி சிலேட்டில் எழுதிய வேகத்தில் பல்பம் ஒடிந்தது. நான் சுத்தம் செய்தும் இவ்வளவுதான் மிஞ்சியது: "ஒரு வீட்டுல மூணு பிள்ளைக்கும் ஒரே பேர் வச்சா, சாப்பிடக் கூப்பிட்டா யார் வருவா?"

"அவர் சொல்றது நியாயம்தானே," என்றார் பேக்கரிக்காரர்.

அன்றிலிருந்து அந்தச் சொல் அவனுக்கு எதிரி ஆகிவிட்டது.

ஆனால் வலைப்பக்கம் கட்டும் பாடம் வந்ததும் ஆள் மாறினான். பக்கத்துக்குள்ளே போடும் குறிகளைப் பற்றி நூலக அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: எழுத்தைத் தடிப்பாக்க வேண்டுமானால் தொடக்கத்தில் ஒரு குறி, முடிவில் ஒரு குறி, திறந்ததை மூட வேண்டும். இதை ஒரு பிளம்பருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேக்கரிக்காரர் தலைப்பில் திறந்ததை மூட மறந்து, கேக் முதல் கடை விலாசம் வரை எல்லாம் தடித்துப் பருத்து நின்றது. தம்பி எழுந்துபோய், திரையை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்து, மூடாத இடத்தில் நிறுத்தி, மூடிவிட்டு வந்தான். அடுத்த இரண்டு வகுப்பிலும் அவனைக் கையைக் காட்டிக் கூப்பிடாதவர்கள் இல்லை. பேச்சில்லாமல் கோளாறு பார்ப்பவனை ஜனங்களுக்குப் பிடிக்கிறது.

அவன் வலைப்பக்கத்தில் படம் ஒன்றுதான்: ஒரு குழாய். கீழே புகார் எழுதும் இடம், தனிப் பக்கமாக. அதில் என்ன கேட்பது என்று மூன்று பேரும் சமையலறையில் உட்கார்ந்து முடிவு செய்தோம். நோயாளியிடம் கேட்பதைத்தான் கேட்கச் சொன்னேன்: எங்கே, எப்போதிலிருந்து, எப்படி. அவன் எழுதியது இப்படி வந்தது.

'தண்ணி வரக் கூடாத இடத்துல வருதா, வர வேண்டிய இடத்துல வரலையா?'

'சத்தம் எப்படி: டொக் டொக், கொர்ர், விசில், சத்தமே இல்லை.'

'அவசரமா: கால் நனையுது, கால் நனையல.'

"துணி கட்டிப் பார்த்தீங்களான்னு ஒண்ணு சேருங்க," என்றாள் தம்பி மனைவி. சேர்க்கவில்லை.

கடைசி வகுப்பில் நூலக அம்மா ஒரு வித்தை சொல்லித்தந்தார். பக்கம் முழுவதும் ஒரு சொல்லைத் தேடி, வந்த இடமெல்லாம் வேறு சொல்லாக மாற்றலாம், ஒரே அழுத்தில். தம்பியின் கண் மின்னியது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பக்கத்தில் இருந்த 'இணைப்பு' எல்லாவற்றையும் 'குழாய்' என்று மாற்றினான். அழுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. குடியிருப்பின் கீழ்த்தளக் கூடம். கமிட்டிக்காரர்கள் ஏழு பேர், வேடிக்கை பார்க்க முப்பது பேர். சுவரில் வெள்ளைத் துணி. அதில் கம்ப்யூட்டர் படம் விழும். பேசக் கூடாத ஆறு வாரத்தில் கடைசிக்கு முந்தைய நாள். சிலேட்டோடு நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கம்பெனி ஆள் கோட்டு போட்டிருந்தார். அவர்கள் பக்கத்தைத் திறந்ததும் சுவர் முழுக்க அருவி கொட்டியது, பாட்டு வேறு. "தண்ணி சம்பந்தப்பட்ட தொழில் இல்லையா," என்று விளக்கினார்.

"இவ்வளவு தண்ணி எங்க வீட்டுல வந்தா நான் செத்தேன்," என்றார் ஏ பிளாக் வக்கீல். பழைய வக்கீல், வழக்கு இல்லாததால் எல்லாக் கூட்டத்துக்கும் வருவார்.

பிறகு எங்கள் பக்கம். குழாய்ப் படம் வந்தது. பெரிய எழுத்து. பின் வரிசையில் இருந்தவர்கள் கண்ணாடி இல்லாமலே படித்தார்கள். கேட்க நன்றாக இருந்தது. "சரி, புகார் எழுதற இடத்தைத் திறங்க," என்றார் செயலாளர் அம்மா. தம்பி அழுத்தினான்.

சுவரில் ஒரே ஒரு வரி வந்தது. 'இணைப்பு உடைந்துள்ளது.'

முதலில் வக்கீல் சிரித்தார். பிறகு முப்பது பேரும் சிரித்தார்கள். பிளம்பர் வீட்டுப் பக்கம். அதில் இணைப்பு உடைந்துள்ளது. கோட்டு போட்டவர் மரியாதைக்காகக் குனிந்துகொண்டு சிரித்தார். மூன்றாம் மாடிப் பெண்மணி, "உடையாம என்ன பண்ணும்? அவர் முறுக்கற முறுக்கு அப்படி!" என்றார்.

தம்பி எழுந்து நின்றான். கழுத்து நரம்பு புடைத்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். அந்த மூச்சு எனக்குத் தெரியும். அது ஆறாவது மாடியிலிருந்து தெருவுக்குப் போகிற மூச்சு. அதை விட்டிருந்தால் கூடம் அடங்கியிருக்கும். குரலும் அன்றோடு அடங்கியிருக்கும். நான் அவன் முழங்கைக்கு மேலே, ஊசி போடும் இடமாகப் பார்த்து, பிடித்துக் கிள்ளினேன். நன்றாகவே கிள்ளினேன்.

"மூக்கால விடு," என்றேன்.

மூக்கால் விட்டான். மெதுவாக உட்கார்ந்தான்.

"என்ன சொல்றீங்க?" என்றார் செயலாளர் அம்மா. நான் சிலேட்டைப் பார்த்தேன். 'பத்து நிமிஷம்.'

பக்கத்தின் உட்புறத்தைத் திறந்தான். குறியும் எழுத்தும் எறும்பு மாதிரி சுவர் முழுக்க ஊர்ந்தன. கசிவைத் தேடும்போது செய்வதையே செய்தான்: மேலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இடமாக விரலை வைத்து, கீழே வந்தான். திறந்தது மூடியிருக்கிறதா. மூடியிருக்கிறது. அடுத்தது. மூடியிருக்கிறது. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பை விட்டு, அவன் விரலையே பார்க்க ஆரம்பித்தது. "இடது பக்கம் ஒண்ணு விட்டுட்டீங்க," என்று வக்கீல் ஒருமுறை எடுத்துக்கொடுத்தார்; அது ஒன்றுமில்லை.

கீழிருந்து நான்காவது வரியில் விரல் நின்றது. முந்தின நாள் மாலை, வந்த இடமெல்லாம் மாற்றினான் அல்லவா? புகார்ப் பக்கத்துக்கு நூலக அம்மா வகுப்பில் வைத்த பெயர் 'இணைப்பு1'. அதற்குப் போக வேண்டிய வழியிலும் அந்தச் சொல் 'குழாய்' ஆகிவிட்டது. 'குழாய்1' என்று ஒரு பக்கம் உலகத்தில் எங்கும் இல்லை. தண்ணீர் இல்லாத ஊருக்குக் குழாய் போட்டிருந்தான்.

வழியைப் பழையபடி 'இணைப்பு1' என்று திருத்தினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். நான் அதைத்தான் காதில் சொன்னேன். முடியாது என்று தலையாட்டினான். போய், அந்தப் புகார்ப் பக்கத்தின் பெயரையே 'குழாய்1' என்று மாற்றினான். இவ்வளவு நடந்தும் அந்தச் சொல்லுக்கு இடம் கொடுக்க மாட்டானாம். மூடினான், திறந்தான், அழுத்தினான். சுவரில் வந்தது: 'தண்ணி வரக் கூடாத இடத்துல வருதா, வர வேண்டிய இடத்துல வரலையா?'

"வருது! வரக் கூடாத இடத்துல!" என்றார் வக்கீல் எழுந்து. "மூணு வாரமா டாய்லெட் தொட்டியில 'கொர்ர்'னு ஒரு சத்தம். அதைப் போடுங்க."

அவர் சொல்ல, செயலாளர் அம்மா தட்டினார். அதே புகாரைக் கம்பெனிப் பக்கத்திலும் தட்டினார். அங்கே உடனே பதில் வந்தது: உங்கள் கோரிக்கை எங்களுக்கு மதிப்புமிக்கது, மூன்று வேலை நாட்களுக்குள் எங்கள் பிரதிநிதி தொடர்புகொள்வார். பிரதிநிதி அங்கேயே கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார்.

தம்பி இரண்டு விரலால் தட்டினான். ஒவ்வோர் எழுத்தாகச் சுவரில் விழுந்தது. நாலு நிமிடம் ஆனது. 'மிதவை தேஞ்சிருக்கு. இன்னிக்கே வர்றேன்.'

கை தூக்கச் சொன்னார்கள். ஏழில் ஐந்து கை எங்கள் பக்கம். ஒரு வருடத்துக்கு வேலை அவனுக்குத்தான். செயலாளர் அம்மா கையைத் தூக்கவில்லை. ஆனால் தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்தார், அதற்கு முப்பது பேரும் கை தட்டினார்கள்: குரல் திரும்பினாலும் குடியிருப்பு வளாகத்துக்குள் எழுத்து மூலம் மட்டுமே தொடர்புகொள்ள வேண்டும். சி பிளாக்கில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி எழுந்து நின்று கை தட்டினாள். குரல் திரும்பத்தான் செய்தது. பழையதில் முக்கால் பங்கு என்றார் டாக்டர், திங்கட்கிழமை பார்த்துவிட்டு. அதுவே மற்றவர்களுக்கு முழுக் குரல்.

கூட்டம் கலைந்ததும் தம்பி நேராக வக்கீல் வீட்டுக்குப் போனான். நான் டார்ச் பிடித்தேன். தொட்டி மூடியைத் தூக்கி, மிதவையை மாற்றி, தண்ணீர் நிரம்பி நிற்கும் வரை காத்திருந்தான். சத்தம் இல்லை.

"நல்லாயிடுச்சு, போயிட்டு வாங்க," என்றார் வக்கீல்.

தம்பி போகவில்லை. சிலேட்டைக் காட்டினான். 'வலைப்பக்கத்துல எழுதுங்க. சரியாச்சான்னு ஒரு கட்டம் இருக்கு.'

"அதான் வாயால சொல்லிட்டேனே?"

தம்பி நகரவில்லை. வக்கீல் முனகிக்கொண்டே மகனுடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். எதை அழுத்துவது என்று தெரியாமல் கையை மேலேயே வைத்துக்கொண்டிருந்தார். தம்பி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, குனிந்து, ஒரு விரலால் இடத்தைக் காட்டினான். வக்கீல் கீபோர்டு முழுக்கத் தேடி 'ச' போட்டார். அடுத்த எழுத்தைத் தேட ஆரம்பித்தார். நான் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.